இயற்கணிதத்திற்கு உங்கள் பிள்ளை ஆயத்தமா?

திருவனந்தபுரம் மாவட்டத்தில், பொன்முடி மலைக்கு ஏறும் சாலையில் அமைந்துள்ளது வித்துரா. ரப்பரும் மிளகும் பாக்கும் விளையும் ஊர். இவ்வூரின் மருதாமலைச் சரிவில் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகம் எழுந்து நிற்கிறது. 2008ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அந்நிறுவனத்தில் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வந்த இளைஞர்கள் உயர்கணிதமும் இயற்பியலும் பயில்கின்றனர். மலையடிவாரத்துப் பள்ளிகளுக்கும் அவ்வளாகத்திற்கும் இடையே சில கிலோமீட்டர் தொலைவுதான். ஆயினும் உள்ளூர்ப் பிள்ளை ஒருநாள் அங்கே மாணவராக நுழைய வேண்டுமானால், கடக்க வேண்டிய முதற்படி நுழைவுத் தேர்வு அன்று. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில், எண் இருந்த இடத்தில் எழுத்து வந்து அமரும் பாடமே அந்தப் படி. கணக்கில் நன்றாக இருந்த பிள்ளை திடீரெனப் பின்தங்கிவிட்டதாகப் பெற்றோர் வருந்தத் தொடங்குவதும் பெரும்பாலும் அந்த வயதில்தான்.

அந்தப் படியில் கால்வைக்கப் பிள்ளை ஆயத்தமாக இருக்கிறதா என்பதை நாம் எதைக் கொண்டு அளக்கிறோம்? முந்தைய ஆண்டு மதிப்பெண்ணைப் பார்க்கிறோம். வாய்ப்பாட்டைத் தடுமாறாமல் ஒப்பிக்கிறதா என்று பார்க்கிறோம். எவ்வளவு விரைவாக விடை சொல்கிறது என்று பார்க்கிறோம். இம்மூன்றும் பயனற்றவை என்று சொல்லமாட்டேன். ஆனால் இம்மூன்றிலும் சிறந்து விளங்கும் பிள்ளை இயற்கணிதத்தில் தடுமாறுவதும், மெதுவாக எண்ணிச் சொல்லும் பிள்ளை அதில் தெளிவாக நடைபோடுவதும் ஆசிரியர்கள் அன்றாடம் காண்பவை. கூட்டவும் பெருக்கவும் தெரிவது ஒரு திறன். இரண்டு அளவுகளுக்கிடையே உள்ள உறவைக் கண்டு அதைச் சொல்லத் தெரிவது மற்றொரு திறன். இயற்கணிதம் கேட்பது பின்னதை. நம் அளவுகோல்களோ முன்னதை மட்டுமே அளக்கின்றன.

இக்கேள்வி இப்போது கேரளத்தில் கூடுதல் முக்கியத்துவம் பெற்றுள்ளது. 2024–25 கல்வியாண்டு முதல் எட்டாம் வகுப்பு ஆண்டுத் தேர்வில் ஒவ்வொரு பாடத்தின் எழுத்துத் தேர்விலும் குறைந்தது 30 விழுக்காடு பெற வேண்டும் என்று மாநில அரசு விதித்தது. அதனைப் பெறாதோருக்கு 2025 ஏப்ரல் மாதத்தில் கூடுதல் வகுப்புகளும் மறுதேர்வும் நடத்தப்பட்டன. இம்முயற்சியை நான் குறைகூறவில்லை. கவனிப்பாரின்றி அடுத்த வகுப்புக்கு நகர்ந்துவிடும் பிள்ளையைத் தடுத்து நிறுத்தி, அருகில் அமர்ந்து சொல்லித்தருவது நல்லதே. என் மனக்குறை வேறு. 30 என்னும் எண், பிள்ளை எங்கே நின்றுவிட்டது என்பதைச் சொல்வதில்லை. 28 பெற்ற இருவரில் ஒருவருக்குப் பின்னம் புரியாமல் இருக்கலாம். மற்றவருக்குக் கேள்வியின் மொழியே புரியாமல் இருக்கலாம். இருவரையும் ஒரே வகுப்பில் அமர்த்தி ஒரே பாடத்தை மீண்டும் நடத்தினால் ஒருவருக்கேனும் அது வீண். மேலும் எட்டாம் வகுப்பின் இறுதியில் அறிவது காலம் கடந்து அறிவது. ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ அறிந்திருக்க வேண்டியது அது.

நாட்டளவில் நிலைமை எளிதன்று. 2024ஆம் ஆண்டின் ஏசர் ஆய்வின்படி, கிராமப்புற எட்டாம் வகுப்பு மாணவர்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினரால் மட்டுமே மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்க முடிந்தது. எஞ்சியோர் வகுப்பறைகளிலும் சமன்பாடுகள் பாடப்புத்தகம் சொன்ன தேதியில் வந்து சேர்ந்துவிடுகின்றன.

வீட்டிலேயே அரைமணி நேரத்தில் பெற்றோர் கண்டறியக்கூடியவை சில உள்ளன. முதலாவது சமக்குறி. ஆறாம் அல்லது ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் ஒரு தாளில் 8 + 4 = □ + 5 என்று எழுதிக் கொடுங்கள். கட்டத்தில் என்ன வரும் என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். 12 என்று சொல்லும் பிள்ளைகள் மிகப் பலர். 17 என்பாரும் உண்டு. அமெரிக்க ஆய்வாளர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வொன்றில் ஆறாம் வகுப்பினர் 145 பேரிடம் இக்கேள்வி கேட்கப்பட்டது. அனைவரும் இவ்விரு விடைகளில் ஒன்றையே சொன்னார்கள். சரியான விடையாகிய 7ஐ ஒருவரும் சொல்லவில்லை. கூட்டத் தெரியாமையால் நேர்ந்த பிழை அன்று இது. ஐந்தாறு ஆண்டுகளாக இடப்பக்கம் கணக்கும் வலப்பக்கம் விடையுமாகவே எழுதிவந்த பிள்ளைக்குச் சமக்குறி என்பது 'இப்போது விடையை எழுது' என்னும் கட்டளையாக மாறிவிடுகிறது. இருபுறமும் ஒரே மதிப்பு என்று அது கூறுவதை யாரும் எடுத்துரைக்கவில்லை. 1557ஆம் ஆண்டில் ராபர்ட் ரெக்கார்டு இக்குறியை அறிமுகப்படுத்தியபோது, ஒரே நீளமுள்ள இரு இணைகோடுகளைவிடச் சமமானவை வேறில்லை என்று அதற்குக் காரணம் சொன்னார். அந்த எண்ணம் கைவராத பிள்ளைக்கு 3க + 2 = க + 10 என்பது வெறும் எழுத்துக் குவியலாகவே தோன்றும்.

இதனைச் சரிசெய்யக் கையேடு எதுவும் வாங்க வேண்டியதில்லை. உங்கள் வங்கிச் சேமிப்புக் கணக்கின் பாஸ்புக் போதும். முன்னிருப்பு, வரவு, பற்று, இருப்பு. முன்னிருப்போடு வரவைக் கூட்டிப் பற்றைக் கழித்தால் இருப்பு. ஒரு பக்கத்தை நகலெடுத்து, ஒரு வரியில் இருப்பை மறைத்துக் கேளுங்கள், எளிதாகச் சொல்லிவிடும். அடுத்த வரியில் இருப்பை விட்டுவிட்டுப் பற்றை மறையுங்கள். பிறகு முன்னிருப்பை மறையுங்கள். மறைந்த எண் எங்கிருந்தாலும் வரி மெய்யாக இருந்தாக வேண்டும் என்பதைக் கண்டுகொண்ட பிள்ளை சமன்பாட்டின் பாதியைக் கற்றுவிட்டது. பத்து வயதும் அதற்கு மேலும் ஆன சிறார் தாமாகவே சேமிப்புக் கணக்கைத் தொடங்கி இயக்க வங்கிகள் அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் நெறிப்படுத்தியுள்ளது. பணம் சேர்வதைக் காட்டிலும், தன் பெயரிலுள்ள ஏட்டின் ஒவ்வொரு வரியையும் பிள்ளை தானே சரிபார்ப்பது பெரும்பயன் என்பேன்.

இரண்டாவதும், என் பார்வையில் மிக முக்கியமானதும், பின்னம். பத்து வயதில் பின்னத்திலும் வகுத்தலிலும் பிள்ளைக்கு உள்ள தெளிவு, உயர்நிலைப் பள்ளியில் இயற்கணிதத்தில் அது எப்படி விளங்கும் என்பதை முன்கூட்டியே காட்டுவதாக ராபர்ட் சீக்லரும் உடன் ஆய்வாளர்களும் 2012ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் திரட்டப்பட்ட நீண்டகாலத் தரவுகளைக் கொண்டு, குடும்ப வருமானம், பொது அறிவுத்திறன் ஆகியவற்றின் பங்கை ஒதுக்கிவிட்டுப் பார்த்தபோதும் இத்தொடர்பு நிலைத்தது. காரணம் விளங்காததன்று. 3க = 7 என்பதைத் தீர்ப்பவர் ஏழின் மூன்றிலொரு பங்கை ஓர் எண்ணாகவே ஏற்றுக்கொள்ள வேண்டும். பின்னத்தை 'மேலே ஓர் எண், கீழே ஓர் எண்' என்று இரண்டாகக் காணும் பிள்ளை அங்கேயே நின்றுவிடும்.

வித்துராச் சந்தையை மனத்தில் வைத்து ஒரு கேள்வி: முக்கால் கிலோ மிளகு 480 ரூபாய் எனில் ஒரு கிலோ எவ்வளவு? அரைகுறையாகக் கற்ற பிள்ளை 480ஐ முக்காலால் பெருக்கி 360 என்று சொல்லும். பெருக்கலில் பிழை இருக்காது. முக்கால் கிலோவைவிட ஒரு கிலோவுக்கு விலை குறைவாக வருகிறதே என்று திடுக்கிடாததுதான் பிழை. 'கால் கிலோ 160, ஆகவே ஒரு கிலோ 640' என்று விரல்விட்டுச் சொல்லும் பிள்ளைக்கு எழுத்தில் எழுதத் தெரியாமற்போனாலும் கவலை வேண்டாம். அது செய்தது இயற்கணிதமே; குறியீடு மட்டும் இன்னும் வரவில்லை. நம் முன்னோர் திண்ணைப் பள்ளிகளில் அரை, கால், அரைக்கால், மாகாணி என்று தொடங்கி 320இல் ஒரு பங்காகிய முந்திரி வரை பெயர் சொல்லிப் பின்னங்களைப் பழகினர். ஒவ்வொரு பின்னத்துக்கும் தனிப்பெயர் இருந்ததால் அது பிள்ளையின் மனத்தில் தனி எண்ணாகவே இடம்பெற்றிருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது. அந்த மனப்பாட முறைக்குத் திரும்ப வேண்டும் என்பதில்லை. ஆனால் கடைத்தெருவிலும் அடுக்களையிலும் அரையும் காலும் முக்காலும் பேசும் வழக்கத்தை 'பாயிண்ட் ஃபைவ்' விழுங்கிவிட்டதில் ஓர் இழப்பு உண்டு.

மூன்றாவது, எழுத்து எதைக் குறிக்கிறது என்பது. பழைய இந்தியக் கணித நூல்களில் அறியாத அளவுக்கு 'யாவத்தாவத்' என்று பெயர். 'எவ்வளவோ அவ்வளவு' என்று பொருள். அதற்கு மேலும் அறியாத அளவுகள் வந்தால் கருமை, நீலம், மஞ்சள் என்று நிறங்களின் பெயரிட்டனர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாஸ்கரர் எழுதிய பீஜகணிதத்திலும் இம்முறை உண்டு. நிறப்பெயரில் ஒரு நன்மை இருந்தது: நீலம் என்றவுடன் யாரும் ஒரு பொருளை எண்ணிக்கொள்ளமாட்டார்கள். இன்றோ வகுப்பில் எளிமைக்காக 'ஐந்து வாழைப்பழம், இரண்டு மாம்பழம். ஆகவே 5வா + 2மா' என்று சொல்லித்தருகிறோம். எழுத்து பழத்தின் சுருக்கப்பெயராகிவிடுகிறது. எண்ணுக்குப் பகரமாக நிற்பது மறைந்துபோகிறது.

இக்குழப்பம் பெரியவர்களிடமும் நீடிக்கும். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1980களின் தொடக்கத்தில் பொறியியல் முதலாண்டு மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டனர். ஒரு பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு பேராசிரியருக்கும் ஆறு மாணவர்கள் என்ற கணக்கில் உள்ளனர். இதைச் சமன்பாடாக எழுதுக. மாணவர் எண்ணிக்கையை ம என்றும் பேராசிரியர் எண்ணிக்கையை ப என்றும் கொண்டால் ம = 6ப என்பதே சரி. மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் தவறாக எழுதினர்; அவர்களுள் பெரும்பாலோர் 6ம = ப என்று எழுதியிருந்தனர். பத்துப் பேராசிரியர் எனில் எத்தனை மாணவர் என்று ஓர் எண்ணை இட்டுப் பார்த்திருந்தால் அக்கணமே தெரிந்திருக்கும். எழுதியதை எண் இட்டுச் சோதிக்கும் பழக்கம், என் மதிப்பீட்டில், எந்த வேகப் பயிற்சியைவிடவும் மேலானது.

இதைப் பிள்ளையிடம் காண, கல்லாற்றைக் கடந்து பொன்முடிக்கு ஏறும் பேருந்தே நல்ல இடம். வழியில் 22 கொண்டை ஊசி வளைவுகள். கடந்தவை எத்தனை, இன்னும் எத்தனை என்று பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வருவர். கடந்தவை கூடக்கூட மீதி குறைகிறது. இரண்டும் சேர்ந்தால் எப்போதும் 22. 'எந்த வளைவில் இருக்கிறோம் என்று தெரியாமலே மீதியைச் சொல்ல ஒரு விதி சொல்' என்று கேட்டுப் பாருங்கள். 22இலிருந்து கடந்ததைக் கழித்தால் மீதி என்று தன் சொற்களில் சொல்லும் பிள்ளைக்கு மாறி என்னும் கருத்து ஏற்கெனவே வந்துவிட்டது.

தன் சொற்களில் என்றேன். எந்த மொழியின் சொற்களில்? வித்துராவின் மலைப்பகுதித் தோட்டங்களுக்கு வேலை தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அப்பிள்ளைகள் வீட்டில் வகுத்தல் என்றும் வகுப்பில் ஹரணம் என்றும் கேட்கின்றனர். நமக்குப் பெருக்கல், பள்ளியில் குணனம். நமக்குச் சமன்பாடு, அங்கே சமவாக்யம். ஆங்கிலவழி எனில் மூன்றாவது சொல்லும் சேர்ந்துகொள்ளும். கணக்கு புரிந்தும் கேள்வி புரியாமல் விழித்த பிள்ளையைக் 'கணக்கு வராத பிள்ளை' என்று முத்திரை குத்துவது அநீதி. ஆகவே மேற்சொன்ன கேள்விகளைப் பிள்ளைக்கு மிக வசதியான மொழியில் கேளுங்கள். அம்மொழியில் உறவைச் சரியாக விளக்கிவிட்டால், பள்ளியில் காணும் குறை சொற்களில் உள்ள குறை. அதற்கு மருந்து சொற்பழக்கம். சுமார் 1530ஆம் ஆண்டளவில் ஜேஷ்டதேவர், தம் காலக் கணிதத்தின் மிக நுட்பமான பகுதிகளைக் காரண விளக்கங்களோடு வடமொழியில் எழுதாமல் மலையாளத்தில் 'யுக்திபாஷை'யாக எழுதினார். பேசும் மொழியில் காரணம் சொல்லும் அந்த மரபு இம்மண்ணுக்கே உரியது. தமிழ்ப் பிள்ளைக்கு அவ்வாய்ப்பு தமிழில் கிடைப்பதே முறை.

இத்தகைய ஆராய்ச்சியைப் பிள்ளைகளை வடிகட்டும் சல்லடையாக்கிவிடும் ஆபத்தும் உண்டு. அமெரிக்கப் பள்ளிகளில் அயோவா இயற்கணிதத் திறன் தேர்வு போன்றவை நெடுங்காலமாக உள்ளன. யார் எட்டாம் வகுப்பிலேயே இயற்கணிதம் படிப்பது, யார் காத்திருப்பது என்பதை முடிவுசெய்ய அவை பயன்படுகின்றன. காத்திருக்கச் சொல்லப்பட்டவர்களில் ஏழைப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் மிகுதி என்னும் குறை எழுந்தது. கலிபோர்னியா மாநிலக் கல்வி வாரியம் 2008இல் எட்டாம் வகுப்பினர் அனைவரையும் இயற்கணிதத்தில் சோதிக்க முடிவெடுத்தது. அதே மாநிலத்தின் சான்பிரான்சிஸ்கோ நகரப் பள்ளிகள் 2014இல் எட்டாம் வகுப்பில் அப்பாடத்தை எவருக்கும் இல்லையென்று ஆக்கின. 2024இல் மீண்டும் கொண்டுவர முடிவெடுத்தன. அனைவருக்கும் என்றும் எவருக்கும் இல்லை என்றும் ஊசலாடியதில், ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன குறை என்ற கேள்வி பின்னுக்குப் போனது. நம் நாட்டில் வடிகட்டல் இல்லை. எல்லோருக்கும் ஒரே பாடம், ஒரே ஆண்டு. அது நல்லதென்றே நினைக்கிறேன். ஆயத்தமில்லை என்று கண்டால் பிள்ளையைப் பின்னே நிறுத்தாமல் ஆயத்தத்தை முன்னே கொண்டுவர வேண்டியவர்கள் பெரியவர்கள்.

இங்கே செலவைப் பற்றியும் ஒரு சொல். ஆறாம் வகுப்பிலிருந்தே ஐஐடி நுழைவுத் தேர்வுக்கான 'ஃபவுண்டேஷன்' பயிற்சி என்று விளம்பரங்கள் வருகின்றன. கல்விக்கெனச் சேர்த்த தொடர் வைப்பை முதிர்வுக்கு முன்பே முடித்துக் கட்டணம் கட்டும் பெற்றோரும் உண்டு. பின்னத்தில் தடுமாறும் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை ஏழில் நடத்துவதால் விளைவது சூத்திர மனப்பாடம் ஒன்றே. சோதிக்க விரும்பினால் வட்டிக் கணக்கையே தலைகீழாகக் கேளுங்கள்: 10,000 ரூபாய், ஆண்டுக்கு 8 விழுக்காடு தனிவட்டி, எத்தனை ஆண்டில் 14,000 ஆகும்? சூத்திரத்தைத் தேடித் தவிக்கும் பிள்ளையும் உண்டு. 'ஆண்டுக்கு 800, வேண்டியது 4,000, ஆகவே ஐந்து' என்று சொல்லும் பிள்ளையும் உண்டு. இரண்டாமவருக்கு அந்தக் கட்டணம் தேவையில்லை. முதலாமவருக்கு அந்தக் கட்டணத்தால் பயனில்லை. அவருக்கு வேண்டியது நாள்தோறும் இருபது நிமிடம் யாரேனும் அருகில் அமர்ந்து 'ஏன்?' என்று கேட்பது.

பெற்றோருக்குக் கணக்கு மறந்திருக்கலாம். பள்ளிக்கே செல்லாதவர்களாகவும் இருக்கலாம். இங்கே அது தடையாகாது. விடையைச் சரிபார்ப்பதைவிடப் பிள்ளை தரும் விளக்கத்தைக் கேட்பதே முதன்மை. மிளகு நிறுப்பவருக்கும் ரப்பர் ஷீட் விற்பவருக்கும் 360 ரூபாய் என்ற விடை தவறென்று காதில் விழுந்தவுடனே தெரிந்துவிடும்.

அடுத்த வகுப்புப் பெற்றோர் கூட்டத்தில் விடைத்தாளைக் கையில் வாங்கியதும், மேலே வட்டமிட்ட எண்ணைப் பார்ப்பதற்கு முன் உள்ளே புரட்டுங்கள். தவறான கணக்குகள் பின்னத்தில் குவிந்துள்ளனவா, சமக்குறியின் இருபுறமும் பொருந்தாமல் எழுதப்பட்டுள்ளனவா, நீண்ட வாக்கியக் கணக்குகள் மட்டும் வெற்றிடமாக விடப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். ஆசிரியரிடம் 'எத்தனை பேர் இவனைவிட அதிகம்?' என்று கேட்காமல், 'இம்மூன்றில் எது, சார்?' என்று கேளுங்கள். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு திணறும் ஆசிரியராலும் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியும்.